படிக்கட்டு கீழ வச்சிட்டுப் போற பார்சல் காணாம போகுது, நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

கொளத்தூர்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொளத்தூர்ல ரெண்டாவது மாடில வாடகைக்கு இருக்கோம். மொத்தம் ஆறு வீடு, லிப்ட் இல்ல, வாட்ச்மேன் இல்ல, கேட்டு பகல் பூரா சும்மா சாத்தித்தான் கெடக்கும், வெளிலேந்து கைய விட்டாலே தாழ்ப்பாள் திறந்துக்கும். நானும் வீட்டுக்காரரும் காலைல எட்டரைக்கு கிளம்பினா திரும்ப ஏழு ஏழரை ஆயிடும், பையன் ஸ்கூல் விட்டு நேரா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவான், அதனால பகல்ல வீட்ல ஆளே இருக்காது.

ரெண்டு மாசத்துல மூணு பார்சல் போயிடுச்சு. மொதல்ல பையனோட ஸ்கூல் ஷூ, அட்ரஸ் மாத்தி எங்கயோ குடுத்துட்டாங்க போலன்னு விட்டுட்டோம். அப்புறம் அப்பாவுக்கு சுகர் பாக்கற ஸ்ட்ரிப் ரெண்டு டப்பா. மூணாவதுதான் மனசு ஆறவே இல்ல, தங்கச்சி வளைகாப்புக்குன்னு நானும் அம்மாவும் ஒரு வாரம் உக்காந்து பாத்து எடுத்த புடவை, 4,200 ரூபா, அவளுக்குப் புடிச்ச மாம்பழ கலர். மதியம் 12:10க்கு டெலிவர்டுன்னு மெசேஜ் வந்துது, போட்டோவும் இருக்கு, மாடிப்படிக்குக் கீழ ஈபி மீட்டர் பெட்டி மேல அழகா வச்சிருக்காரு. நான் சாயங்காலம் வந்து பாத்தா அந்த இடம் காலி. கீழ் வீட்டு அக்காகிட்ட கேட்டா மதியம் தூங்கிட்டேன்மா பாக்கலங்கறாங்க.

கஸ்டமர் கேர்ல போட்டோ இருக்கு, டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது மேடம், அவ்ளோதான். ஸ்டேஷனுக்குப் போனா ஆன்லைன்ல வாங்கினதுதான, கம்பெனில கேளுங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் டெலிவரி பையனே போட்டோ எடுத்துட்டு திரும்ப தூக்கிட்டுப் போயிருப்பான்னு சொல்றாரு. மாமியாருக்கு படி கூட்ட வர்ற ஆயா மேல சந்தேகம். எனக்கு ரெண்டு பேர் மேலயும் பழி போட மனசு வரல, ஆனா தீபாவளி வருது, ஆர்டர் பண்ணவே பயமா இருக்கு. ஆள் இல்லாத வீட்டுக்கு பார்சல் வந்தா எப்படி பத்திரமா வாங்கறது, போன பணத்துக்கு ஏதாச்சும் வழி இருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


வேளச்சேரி_பேச்சிலர்:

ஆபிஸ் அட்ரஸ் குடுத்துடுங்க, நான் அப்படித்தான் பண்றேன், ரிசப்ஷன்ல வாங்கி வச்சிருவாங்க.


கொளத்தூர்_மாடிவீடு:

எங்க ஆபிஸ்ல சொந்த பார்சல் வாங்கக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க தம்பி. வீட்டுக்காரருக்கு வேலை சைட்ல, தினம் ஒரு இடம்.


நாலு_வருஷம்_டெலிவரி:

அக்கா, நான் நாலு வருஷம் வில்லிவாக்கம், கொளத்தூர், பெரவள்ளூர் பக்கம் பார்சல் போட்டவன், இப்ப வேற வேலைல இருக்கேன். உங்க வீட்டுக்காரர் சொல்றதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். எடுக்கறவன் யாருமே இல்லன்னு சொல்ல மாட்டேன், நானே ஒரு ஆளைப் பாத்திருக்கேன், ஆனா அந்த வேலைய பண்றவன் பார்சல ஒழுங்கா வச்சு போட்டோ எடுத்துட்டு திரும்ப தூக்கறது ரொம்ப ரொம்ப கம்மி. ஏன்னா எந்த பார்சல் யார் கைல இருந்துது, எத்தனை மணிக்கு எந்த இடத்துல நின்னு டெலிவர்டு போட்டான்னு எல்லாம் ஆப்புல பதிவாகுது, ஒரே ஆள் ரூட்ல ரெண்டு மூணு புகார் வந்தா ஐடிய பிளாக் பண்ணிடுவாங்க, சோறு போச்சு. நாலாயிரம் ரூபா புடவைக்காக அதைப் பண்ண மாட்டான்.

அப்ப ஏன் மீட்டர் பெட்டி மேல வச்சிட்டுப் போறோம்னு கேப்பீங்க. தப்புதான், ஆனா எங்க நிலைமையும் கேளுங்க. சீசன்ல ஒரு நாளைக்கு நூறு நூத்திப்பத்து பார்சல் கைல இருக்கும், ஒண்ணுக்கு நாலு நிமிஷம் எடுத்தாலே நாள் முடிஞ்சுது. லிப்ட் இல்லாத பில்டிங்ல ரெண்டு மாடி ஏறி பெல் அடிச்சு நின்னு ஆள் இல்லன்னு எறங்கி வந்தா அந்த நேரம் போனது போனதுதான், டெலிவரி ஆகலன்னா எங்களுக்கு அந்த பார்சலுக்குக் காசும் கிடையாது, சாயங்காலம் ஹப்புல, அதான் பார்சல் பிரிச்சுக் குடுக்கற குடோன்ல, போய் ஏன் ரிட்டர்ன்னு பதில் சொல்லணும். போன் பண்ணா பாதிப் பேர் தெரியாத நம்பர்னு எடுக்க மாட்டாங்க, எடுக்கறவங்கள்ல பாதிப் பேர் "அங்கயே எங்கயாச்சும் வச்சிட்டுப் போங்கண்ணா"ன்னு சொல்லுவாங்க. நீங்க அப்படி சொல்லிருப்பீங்கன்னு சொல்லல அக்கா, ஆனா உங்க பில்டிங்ல யாரோ ஒருத்தர் தினம் சொல்லிருப்பாங்க, அதனால அந்த மீட்டர் பெட்டி எங்க ஆளுங்களுக்கு பார்சல் வைக்கற இடம்னு பழகிப் போயிருக்கும். அது திருடறவனுக்கும் தெரியும். எங்க வண்டிய பாத்துட்டு பின்னாடியே ஒரு தெரு தள்ளி வர்றவன் இருக்கான், நாங்க கேட்டை விட்டு வெளில வந்த ரெண்டாவது நிமிஷம் உள்ள போவான், கைல ஒரு பை, தலைல ஹெல்மெட், பாக்கறவங்களுக்கு அவனும் டெலிவரிக்காரன்தான்.

அதனால நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பார்சல் தனியா இருக்கக் கூடாது, ஒரு கைலேந்து இன்னொரு கைக்குப் போகணும். உங்க தெரு முனைல இஸ்திரி வண்டி, மளிகைக்கடை, டெய்லர் கடை, ஏதாச்சும் ஒண்ணு நிச்சயம் இருக்கும். அவர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, மாசம் ஏதாச்சும் குடுக்கறேன்னு வெளிப்படையா பேசிடுங்க, சும்மா வாங்கி வைங்கன்னு கேட்டா ரெண்டு மாசத்துல சலிச்சுடுவாரு. அப்புறம் ஆப்ல டெலிவரி குறிப்பு எழுதற இடத்துல "வீட்ல ஆள் இல்லை, படிக்கட்டில் வைக்க வேண்டாம், தெருமுனை இஸ்திரி கடையில் கொடுக்கவும்"னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுங்க. நம்ம ஊர்ல இப்ப வடக்கேந்து வந்த பசங்க நிறைய பேர் ஓட்டறாங்க, தமிழ்ல மட்டும் எழுதினா புரியாது. எங்களுக்கும் அதுதான் நல்லது, மாடி ஏற வேணாம், ஒரே கடைல அந்தத் தெரு பார்சல் நாலஞ்சு இறக்கிடலாம். உங்க ரூட்டுக்கு பெரும்பாலும் ஒரே பையன்தான் வருவான், அவன் முகம் பாத்து ஒரு தடவ பேசிட்டீங்கன்னா போதும், அடுத்த தடவேலேந்து கேக்காமலே குடுத்துட்டுப் போவான்.


அண்ணாநகர்_ரமணி_மாமா:

எதுக்கு இவ்ளோ? எல்லாத்துக்கும் ஓடிபி கேக்கணும்னு போட்டுட்டா முடிஞ்சுது.


நாலு_வருஷம்_டெலிவரி:

சார் அது நம்ம கைல இல்ல. விலை அதிகமான பொருள், போன், லேப்டாப், நகை மாதிரி ஐட்டத்துக்கு கம்பெனியே ஓடிபி போட்டு விடும், முந்நூறு ரூபா பொருளுக்கு நாம கேட்டாலும் வராது. அதுக்குப் பதிலா கேஷ் ஆன் டெலிவரி போடலாம், காசு வாங்காம பார்சல வைக்க முடியாது, ஆள் இல்லன்னா திரும்பிடும். ரெண்டு மூணு தடவ வந்துட்டு கேன்சல் ஆயிடும்ங்கறது ஒண்ணுதான் பிரச்சனை. ஓடிபி வந்தாலும் பார்சல் கடைக்காரர் கைக்கு வந்து அவர் போன் பண்ணி சொன்னப்புறம்தான் நம்பரச் சொல்லணும். "மேடம் கீழ இருக்கேன், நம்பர் சொல்லுங்க வச்சிட்டுப் போறேன்"னா சொல்லவே சொல்லாதீங்க. ஓடிபி சொல்லிட்டா நீங்க கைல வாங்கிட்டதா அர்த்தம், அப்புறம் புகார் நிக்காது.


வக்கீல்_ஐயா_இல்ல_அக்கா:

நான் சிட்டி சிவில் கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன். ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பினதப் படிச்சேன், அதைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும்.

2024 ஜூலை 1லேந்து ஐபிசி, அதான் பழைய இந்திய தண்டனைச் சட்டம், போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு. சாதாரண திருட்டு அதுல 303வது பிரிவு. திருடு போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ இருந்தா அந்தப் பிரிவுல போலீஸ் தானா எஃப்ஐஆர் போட்டு விசாரிக்க முடியாது, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும். உங்க புடவை 4,200, அதனாலதான் அவங்க ஆர்வம் காட்டல. ஆனா குடியிருக்கற கட்டிடத்துக்குள்ள நடக்கற திருட்டு தனியா 305வது பிரிவுல வருது, அதுக்கு 5,000 ரூபா கணக்கு கிடையாது, 7 வருஷம் வரைக்கும் தண்டனை, போலீஸ் நேரடியா கேஸ் எடுக்கலாம். உங்க பார்சல் தெருவுலயோ கேட்டுக்கு வெளிலயோ இல்ல, மாடிப்படிக்குக் கீழ, கட்டிடத்துக்குள்ள இருந்துது. அதனால புகார்ல அந்த இடத்தத் தெளிவா எழுதுங்க, போட்டோவ பிரிண்ட் போட்டு சேருங்க, "குடியிருப்பு கட்டிடத்தின் உள்ளே"ங்கற வார்த்தை இருக்கட்டும். மூணு தடவ நடந்ததையும் தேதியோட ஒரே புகார்ல எழுதுங்க. தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல ஆன்லைன்லயும் புகார் குடுக்கலாம். எஃப்ஐஆர் போடலன்னாலும் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல நம்பர் போட்டுக் குடுக்கற சீட்டு, கேட்டு வாங்குங்க, அந்த நம்பர் கம்பெனிகிட்ட பேசறப்ப ரொம்ப உதவும்.

கம்பெனி விஷயம். 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு ஆன்லைன் கம்பெனியும் குறைதீர் அதிகாரி பேரு, போன், மெயில் எல்லாம் வெப்சைட்ல போட்டிருக்கணும், புகார் வந்த 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். கஸ்டமர் கேர் சாட்ல சண்டை போடறத விட்டுட்டு அந்த அதிகாரிக்கு மெயில் போடுங்க. மெயில்ல ஒரு விஷயம் அழுத்தமா இருக்கணும், நான் வாங்கல, என் சார்பா யாரும் வாங்கல, வெளில வைக்கச் சொல்லி நான் சொல்லவும் இல்ல, உங்க போட்டோவே பார்சல் யாரும் இல்லாத இடத்துல இருக்கறதத்தான் காட்டுதுன்னு. அவங்க ஆதாரமா காட்டற போட்டோதான் உங்க ஆதாரமும். அதுக்கும் சரியா பதில் வரலன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதையும் தாண்டினா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க அங்க போக வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் கோர்ட் பீஸ் கிடையாது.

எல்லாத்துக்கும் மேல, அன்னைக்கே புகார் பண்ணுங்க. ஷூவுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நீங்க சும்மா இருந்துட்டீங்க, அந்தப் பணம் கஷ்டம்தான்.

அந்த ஆயா விஷயம், ஆதாரம் இல்லாம வாயத் தொறந்து சொல்லிடாதீங்க. இந்த மாதிரி சந்தேகத்துல வேலைய விட்டு நிறுத்தினவங்கள நான் பாத்திருக்கேன், அந்தத் தெருவுல அப்புறம் அவங்களுக்கு எந்த வீட்லயும் வேலை கிடைக்காது.


ட்ரிப்ளிகேன்_பேத்தி:

எங்க பாட்டி திருவல்லிக்கேணில மூணாவது மாடி. முட்டி வலி, எறங்க முடியாது. பால்கனிலேந்து கயிறு கட்டின கூடைய விடுவாங்க, காய்கறி, பேப்பர், மருந்து, இப்ப பார்சல் வரைக்கும் எல்லாம் அதுலதான் ஏறும். டெலிவரி பசங்க கீழேந்து "பாட்டி கூடை"ன்னு கத்துவாங்க, அவங்களுக்கும் மாடி ஏற வேணாம். வீட்ல வயசானவங்க இருந்து கதவத் திறக்க பயப்படறவங்களுக்கு இது ரொம்ப நல்ல வழி, தெரியாத ஆள வாசல் வரைக்கும் விடவே வேணாம். கூடைல ஒரு நைலான் பை தச்சு வச்சிருக்காங்க, ஐப்பசி மழைலயும் நனையாது. ஆள் இல்லாத வீட்டுக்கு உதவாதுதான், ஆனா உங்க எதிர் வீட்லயோ மேல் வீட்லயோ பகல்ல ஒரு பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க.


அம்பத்தூர்_கேமரா_கடை:

எங்க கடைல கேமரா மாட்ற வேலைதான். ஹவுஸ் ஓனர் வேணாம்னா உங்க வாசக்கதவுக்கு மேல ஒரு சின்ன வைஃபை கேமரா போடலாம், ஆனா உங்க பிரச்சனை கீழ மீட்டர் பெட்டி கிட்ட, அதுக்கு ஆறு வீடும் சேர்ந்து பேசினாதான் நடக்கும். நிறைய பேர் பண்ற தப்பு கேமராவ ரொம்ப உயரத்துல மாட்டறது, பாத்தா தலை மட்டும் தெரியும், ஹெல்மெட் போட்டவன் முகம் எப்பவுமே தெரியாது. கேட்டுக்கு நேரா ஏழடில ஒண்ணு, வண்டி நம்பர் பிளேட் விழற மாதிரி. கரண்டு போனா ரவுட்டரும் சேர்ந்து போயிடும், அதனால மெமரி கார்டு போட்ட மாடலா வாங்குங்க, ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ் ஒண்ணு. கேமரா அடுத்த வீட்டு வாசலையோ ஜன்னலையோ பாக்கக் கூடாது, அதுல சண்டை வந்து நாங்க போய் கழட்டின இடங்கள் உண்டு.

இப்ப உடனே பண்ண வேண்டியது வேற. ஏ.கே. விஸ்வநாதன் சார் போலீஸ் கமிஷனரா இருந்தப்ப மூன்றாவது கண்ணுன்னு சென்னை பூரா தெரு தெருவா கேமரா வைக்க வச்சாங்க, கடைக்காரங்க, அசோசியேஷன்லாம் நிறைய மாட்டினாங்க. உங்க தெருவுலயும் ரோட்ட பாத்த மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கும். ஆனா பதிவு இடம் தீர தீர பழசு மேல புதுசு ஏறிடும், சில இடத்துல ஒரு வாரம், சில இடத்துல பதினஞ்சு நாள். நாளைக்கே போய் 12:00 டூ 12:40 பாக்கணும்னு கேளுங்க. கிடைச்சா அந்த துண்டை மட்டும் காப்பி எடுங்க, வாட்ஸப்ல அனுப்பினது போதாது, ஒரு பென் டிரைவ்லயும் வச்சுக்கோங்க.


வக்கீல்_ஐயா_இல்ல_அக்கா:

ஆமா, அதோட கேமரா யாருதோ அவர்கிட்ட எடுத்த தேதி நேரம் எழுதி கையெழுத்து வாங்கி வைங்க. கோர்ட்ல மின்னணு பதிவு குடுக்கணும்னா பாரதிய சாட்சிய சட்டம் 63வது பிரிவு சான்றிதழ் கேப்பாங்க, பின்னாடி அவரத் தேடி அலைய வேணாம்.


தாம்பரம்_போஸ்ட்:

ஒரு சின்ன விஷயம். சின்ன கடைல, நெசவு பண்றவங்ககிட்ட நேரா வாங்கற புடவை மாதிரி இருந்தா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பச் சொல்லுங்க. ஆள் இல்லன்னா படிக்கட்டுல வைக்க மாட்டோம், சீட்டு வச்சிட்டு வந்துடுவோம், போஸ்ட் ஆபிஸ்ல வந்து ஐடி காட்டி வாங்கிக்கலாம். ஓடிபி வசதியும் வந்திருக்கு.

இன்னொன்னும் எல்லாரும் உஷாரா இருங்க. பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் கன்பர்ம் பண்ண இந்த நம்பர டயல் பண்ணுங்கன்னு ஸ்டார் 21, ஸ்டார் 401னு ஆரம்பிக்கற நம்பர் குடுப்பாங்க. டயல் பண்ணா உங்க கால் எல்லாம் அவனுக்குப் போகும், பேங்க் ஓடிபிய கால் பண்ணி குரல்ல சொல்றது இருக்கே, அதுவும் சேர்த்து. இந்த மாதிரி டயல் பண்ணி கால் பார்வர்டு போடற வசதிய 2024 ஏப்ரல் 15லேந்து நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்பு துறை உத்தரவு போட்டுது, ஆனாலும் போன் வர்றது நிக்கல. தெரியாம பண்ணிட்டா ##002# டயல் பண்ணா எல்லா பார்வர்டும் கேன்சல் ஆயிடும். பணம் போச்சுன்னா உடனே 1930.


கொளத்தூர்_மாடிவீடு:

பதினேழு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணா பண்ணிட்டு வர நேரம் ஆயிடுச்சு.

எதிர்ல இருக்கற ஹார்டுவேர் கடைல கேமரா இருந்துது, நான் இத்தன நாள் கண்ணெடுத்தே பாக்கல. அந்த அண்ணன் உக்கார வச்சு போட்டுக் காட்டினாரு. 12:09க்கு டெலிவரி தம்பி உள்ள போறாரு, ஒரு நிமிஷத்துல வெறும் கையோட வெளில வந்து வண்டி எடுக்கறாரு. 12:14க்கு ஒரு ஸ்கூட்டர், ஹெல்மெட், தோள்ல பெரிய கறுப்பு பை, நேரா உள்ள போறான், அவன் வெளில வர்றதுக்கு அரை நிமிஷம் கூட ஆகல. இங்க நாலு வருஷம் டெலிவரி பண்ண தம்பி சொன்னது அப்படியே. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், ஒண்ணும் பேசல, அடுத்த நாள் அந்த டெலிவரி தம்பி வந்தப்ப அவரே தண்ணி குடுத்து பேசிட்டு இருந்தாரு.

எனக்கு கஷ்டமா போனது வேற. நான் இங்க எழுதறதுக்கு முன்னாடியே மாமியார் ஆயாகிட்ட கேட்டுட்டாங்களாம், எனக்குத் தெரியாது. அவங்க அதுக்கப்புறம் எங்க மாடிப்படிய மட்டும் கடைசில, நான் வீட்ல இருக்கற நேரமா பாத்து கூட்டிட்டு இருந்திருக்காங்க, தன் மேல பழி வந்துடக் கூடாதுன்னு. வீடியோவ மாமியார்கிட்ட காட்டிட்டு ரெண்டு பேரும் அவங்க வீட்டுக்கே போனோம். மாமியார் ஆயாவோட கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஆயா பரவால்லம்மான்னுதான் சொன்னாங்க, ஆனா டீ குடிக்கறப்ப கண்ணு கலங்கிடுச்சு.

புகார் திரும்ப எழுதிக் குடுத்தேன், வக்கீல் அக்கா சொன்ன மாதிரியே, இந்த தடவ சிஎஸ்ஆர் குடுத்தாங்க, வண்டி நம்பர் பாதிதான் தெரியுது, பாக்கறோம்னு சொல்லிருக்காங்க. குறைதீர் அதிகாரிக்கு போட்ட மெயிலுக்கு ரெண்டாவது நாள் பதில், ஒன்பதாவது நாள் புடவை காசு திரும்ப வந்துடுச்சு. ஷூ, ஸ்ட்ரிப் ரெண்டும் நாள் ஆயிடுச்சுன்னு முடியாதுன்னுட்டாங்க. தங்கச்சிக்கு அதே கலர்ல கிடைக்கல, தி.நகர் போய் நேர்ல எடுத்துட்டோம்.

இஸ்திரி அண்ணன் ஒத்துக்கிட்டாரு, மாசம் 200 பேசியிருக்கோம், ஆறு வீட்ல நாலு வீடு சேர்ந்துடுச்சு. மீட்டர் பெட்டிக்கு மேல "இங்கே பார்சல் வைக்க வேண்டாம்"னு பெரிசா ஒட்டிட்டோம். ஆனா அவர் ஞாயித்துக்கிழமையும் மழை நாள்லயும் வண்டி போட மாட்டாரு, அந்த நாளுக்கு ஒரு பெட்டி வைக்கலாம்னு ஹவுஸ் ஓனர் சம்மதிச்சுட்டாரு. கிரில் பட்டறைல அளவு கேக்கறாங்க, என்ன சொல்றது?


அம்பத்தூர்_கேமரா_கடை:

எங்க வீட்ல போட்டது ரெண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், மூணடி உயரம், ஜிஐ ஷீட், அதான் துரு பிடிக்காம துத்தநாகம் பூசின இரும்புத் தகடு. மேல பார்சல் போடற வாய் வைக்கச் சொல்லுங்க, அதுக்குள்ள ஒரு தகட சாய்வா வெல்டு பண்ணணும், விழும் ஆனா கைய விட்டு எடுக்க வராது. அடில ஆங்கர் போல்ட் நாலு, இல்லன்னா பெட்டியோடயே தூக்கிடுவான். தரைலேந்து ஒரு அடி மேல தூக்கி வைங்க, உங்க ஏரியால தண்ணி நிக்கும்.


நாலு_வருஷம்_டெலிவரி:

வாய் அகலம் பதினாலு இஞ்சாவது இருக்கட்டும் அக்கா. ஷூ டப்பா படுக்க வச்சா உள்ள போகணும்.